அக்கா பெயரில் வந்த கார்

அக்கா இங்கிலாந்தை விட்டு ஊருக்கே வந்துவிடப் போகிறாள் என்ற செய்திக்கு முன்னால், கார் வரப்போகிறது என்ற செய்திதான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி நிற்காமல் துடித்தது. அக்காவின் கணவர் பதினொரு படங்கள் அனுப்பியிருந்தார். கறுப்பு நிறக் கார் ஒன்று முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பக்கவாட்டில், கதவைத் திறந்து, கதவை மூடி. கடைசியில் ஒரு குரல்பதிவு.

"புள்ள, பாத்தியா? ஜெர்மன்காரன் செஞ்சது. இதைக் கப்பல்ல ஏத்தி உங்க ஊருக்குக் கொண்டு வரப்போறேன்."

உங்க ஊர். இந்த இரண்டு சொற்களைக் கேட்டாலே எனக்குப் பல் கூசும். மச்சான் பிறந்தது இங்கே நீலகிரியில், அருவங்காட்டில், தொழிற்சாலைக் குடியிருப்பில், எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே சங்கு ஊதினதும் கிளம்பி ஒரே கேட்டுக்குள் நுழைந்தவர்கள். நர்சிங் படித்த என் அக்காவைக் கட்டிக்கொண்டதால், அவளுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தபோது இவரும் கூடவே போனார். இருபத்தெட்டு வருஷம் அங்கே என்ன வேலை பார்த்தார் என்று எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள். ஏதோ ஒரு கிடங்கில் இருந்தாராம். பிறகு கார் நிறுத்தும் இடம் ஒன்றில் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கொடுத்தாராம். அதன் பிறகு கன்சல்டிங். யாருக்கு என்ன ஆலோசனை சொன்னார் என்று நான் கேட்டதில்லை. ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுமுறைக்கு வருவார்கள். கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு என் சின்னக் காரை எடுத்துக்கொண்டு போய் நான்தான் அழைத்து வருவேன். குன்னூரில் ஒரு டீச்சரிடமிருந்து வாங்கிப் பதினெட்டு வருஷமாக நானே ஓட்டும் வண்டி. மச்சான் முன் சீட்டில் உட்காருவதற்கு முன் கைக்குட்டையால் அதைத் துடைப்பார். மலைப்பாதையில் பர்லியார் தாண்டுவதற்குள் என் கியர், என் பிரேக், என் ஹார்ன் மூன்றிலும் குற்றம் கண்டுபிடித்துவிடுவார்.

"அங்கெல்லாம் ஹார்னே அடிக்க மாட்டாங்க புள்ள. இது காரே இல்ல. தகர டப்பா."

அக்கா பின் சீட்டில் பைகளுக்கு நடுவே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். சிறு வயதில் என் பின்னலைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டவள், இந்த மனுஷனுக்குப் பக்கத்தில் இப்படிச் சத்தமில்லாமல் கரைந்து போனாளே என்று அவள் மேலும் எனக்கு இளக்காரம் வந்துவிட்டது. அதை மறைக்க வேண்டும் என்றுகூட நான் நினைத்ததில்லை.

அவர்கள் எங்கள் ஊருக்கு மேலே பெர்ன்ஹில்லில் ஒரு வீடு வாங்கிப் போட்டிருந்தார்கள். அக்கா ஓய்வு பெற்றதும் அங்கே வந்து தங்குவதாக ஏற்பாடு. கூடவே வரப்போகும் காரைப் பற்றி நான் போனில் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"மச்சான், நல்ல வண்டியெல்லாம் இப்ப கோயம்புத்தூர்லயே கெடைக்குதுங்க. அங்கிருந்து எதுக்குங்க தூக்கிட்டு வரோணும்?"

"உனக்குத் தெரியாது புள்ள. அங்க ஓடின கார் வேற. ஒரே ஓனர். வயசான பொம்பள. சர்ச்சுக்குப் போக மட்டும் எடுத்திருக்கா. ரெண்டேகால் வருஷந்தான் ஆச்சு. மூணு வருஷத்துக்குள்ள இருந்தா உங்க ஊர்ல உடுவாங்க. எல்லாம் படிச்சுப்போட்டேன்."

படித்தவருக்கு ஒரு கையாள் தேவைப்பட்டது. நான் தொழிற்சாலை அலுவலகத்தில் எழுத்தர். முப்பது வருஷமாகக் கோப்புகளுக்கு நடுவே இருப்பவள் என்பதால், சென்னையில் கப்பல் சரக்கை வெளியே எடுத்துத் தரும் ஏஜெண்டிடம் பேசுவது, தாள்களைக் கொடுப்பது, கையெழுத்துப் போடுவது எல்லாம் என் தலையில் விழுந்தன. தாள்கள் வந்தபோது பார்த்தேன். கார் அக்கா பெயரில் இருந்தது. இன்ஷூரன்ஸும் அக்கா பெயரில். இங்கே பெட்ரோல் பங்க்கையும் லாரியையும் பெண்டாட்டி பேரில் எழுதி வைத்துவிட்டுத் தான் முதலாளியாக உலவுகிற ஆண்களை எனக்குத் தெரியும். இவரும் அந்த ரகம் என்று நினைத்துக் கோப்பை மூடினேன்.

ஏஜெண்ட் ஒரு நாளைக்கு நாலு முறை போன் செய்வான். "மேடம், ஒண்ணும் டென்ஷன் ஆகாதீங்க. ஸ்மூத்தா வெளிய வந்துடும்." என்ன கேட்டாலும் இதே பதில். கப்பல் எப்போது வரும் என்றாலும் ஸ்மூத்து. வேகம் காட்டும் மீட்டர் மைல் கணக்கில் இருக்கிறதே, இங்கே கிலோமீட்டரில் அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டாலும் ஸ்மூத்து. இந்த ஆள் ஒரு தாளைக்கூட முழுதாகப் படித்திருக்க மாட்டான் என்று எனக்கு இரண்டாவது நாளே தெரிந்துவிட்டது. மச்சானிடம் சொன்னேன். "அவன் புரொபஷனல் புள்ள, நீ தொந்தரவு பண்ணாத" என்றார்.

கார் சென்னைக்கு வந்து ஒரு வாரம் ஆனதும் அந்த ஸ்மூத்துக்காரன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். நான் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறினேன்.

சுங்க அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். என் வயதுதான் இருக்கும். என்னை உட்காரச் சொல்லி, கோப்பை என் பக்கம் திருப்பி வைத்து, இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தார்.

"பழைய காருக்கு மூணு வயசுக்கு மேல ஆகியிருக்கக் கூடாதும்மா. நீங்க, அங்க முதல்ல ரிஜிஸ்டர் ஆன தேதியிலிருந்து எண்ணியிருக்கீங்க. நாங்க எண்ணுறது கார் செஞ்ச தேதியிலிருந்து. இது செஞ்சு முடிச்சு, விக்காம ஏழு மாசம் ஷோரூம்ல கெடந்திருக்கு. அதுக்கப்புறம்தான் ரிஜிஸ்டர் ஆயிருக்கு. நீங்க வாங்கி, கப்பல் ஏத்தி, இங்க வந்து சேர்றதுக்குள்ள மூணு வருஷம் தாண்டிடுச்சு."

காரின் அடியில் பொறித்திருந்த எண்ணை வைத்து, அது செய்யப்பட்ட மாதத்தைக் கார் கம்பெனியே எழுதிக் கொடுத்த தாளும் கோப்பில் இருந்தது. மச்சான் அனுப்பிய தாள்தான். ஆறாவது பக்கம். நானும் அதைப் பார்த்திருந்தேன். ஆனால் படிக்கவில்லை. ஏஜெண்டை மட்டும் திட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருந்தது.

வெளியே வந்து, வெயிலில் நின்றபடி மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"லஞ்சம் கேக்கறா, அவ்வளவுதான். உங்க ஊர்ல எல்லாம் இப்பிடித்தானே? எவ்வளவுன்னு கேளு."

"அவிங்க ஒண்ணும் கேக்கலைங்க மச்சான். தேதி தப்புங்க. நீங்க தப்பா எண்ணிப்போட்டீங்க."

"நான் எப்பிடி புள்ள தப்பா எண்ணுவேன்?"

அந்தக் கேள்வியை அவர் நிஜமாகவே கேட்டார். அதில் வருத்தமோ கோபமோ இல்லை, வெறும் ஆச்சரியம். தன்னால் தப்பாக எண்ண முடியும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கார் அப்படியே துறைமுகத்தில் துருப்பிடித்துப் போகட்டும் என்று அன்று மனதார விரும்பினேன். ரயிலில் திரும்பும்போது இரண்டு வடை வாங்கித் தின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

கார் ஐந்து மாதம் துறைமுகத்திலேயே கிடந்தது. அதற்குள் அக்காவும் மச்சானும் வந்து சேர்ந்துவிட்டார்கள். பெர்ன்ஹில் வீட்டில் மச்சான் காருக்கென்று ஒரு ஷெட் கட்டி, தரைக்கு மினுமினுக்கும் டைல்ஸ் போட்டு, உள்ளே வெதுவெதுப்பாக இருக்க ஒரு ஹீட்டரும் வைத்திருந்தார். வீட்டில் அக்கா படுக்கும் அறையில் ஹீட்டர் இல்லை. பார்க்க வந்தவர்களையெல்லாம் முதலில் ஷெட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார். காலி ஷெட்டின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "நல்லா இருக்குதுங்க, ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று சொன்ன என் சொந்தக்காரர்களை நான் கண்ணால் பார்த்தேன். ரிடையர் ஆன சூப்பர்வைசர்கள், இரண்டு டீச்சர்கள், பாங்க் மேனேஜர் ஒருவர். படித்த மனிதர்கள். வெறும் டைல்ஸைப் பாராட்டினார்கள்.

இதையும் மிஞ்சியது சர்ச்சில் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்புகளை வாசித்தார் எங்கள் போதகர். வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்காகக் கோயம்புத்தூர் போய்வரும் ஒரு தகப்பனுக்காக. தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை முட்டி இடுப்பு உடைந்து கிடக்கும் ஒரு சகோதரிக்காக. அதற்கு அடுத்து, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், "துறைமுகத்தில் தடைபட்டிருக்கும் நம் சகோதரரின் வாகனம் தடையின்றி வந்து சேர." சபை முழுக்க "ஆமென்" என்றது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். மச்சான் தலை குனிந்து, கண்ணை இறுக மூடி, முகம் முழுக்க நிம்மதியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அக்கா கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை முழங்கையால் இடித்து, எதையாவது சொல்லேன்டி என்று கத்தலாம் போல இருந்தது.

அபராதம் கட்டினால் காரை எடுத்துக்கொள்ளலாம் என்று கடைசியில் உத்தரவு வந்தது. சுங்கத் தீர்வையும் அபராதமும் துறைமுக வாடகையும் சேர்ந்து காரின் விலையைத் தாண்டிவிட்டன. எல்லாம் அக்கா ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம். இருபத்தெட்டு வருஷம் மற்றவர்களின் அப்பா அம்மாவுக்கு மலம் துடைத்துச் சேர்த்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, "டீ போடட்டுமா?" என்று என்னைக் கேட்டாள்.

"நீ மனுஷிதானா?" என்றேன்.

"சக்கரை போடட்டுமா வேண்டாமா, அதச் சொல்லு" என்றாள்.

மூன்று பேரும் சென்னைக்குப் போனோம். வெட்டவெளியில், ஐந்து மாத வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்ற கார் சாம்பல் நிறமாகியிருந்தது. கூரை முழுக்கக் காக்கை எச்சம். பாட்டரி செத்திருந்தது. ஸ்டெப்னி டயரும் ஜாக்கியும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலித் தண்ணீர் பாட்டில் இருந்தது. மச்சான் காரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது. ஏஜெண்ட் அவர் பின்னாலேயே நடந்து, "சார், வாஷ் பண்ணினா ஸ்மூத்தா ஆயிடும்" என்றான்.

மெக்கானிக் வந்து, பாட்டரி மாற்றி, கார் உயிர் பெறுவதற்கு மறுநாள் ஆனது. தற்காலிகப் பதிவு எண்ணை ஒரு தாளில் அச்சடித்துக் கண்ணாடியில் ஒட்டினார்கள். ஏஜெண்டே ஒரு டிரைவரையும் பிடித்துக் கொடுத்தான். சென்னைக்காரர், நடுத்தர வயது, பேச்சுக் குறைவு. எதற்கு டிரைவர் என்று நான் கேட்கவில்லை. மச்சான் தன் முழங்கால் வலியைப் பற்றி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததால், பெரிய தூரம் அவரால் முடியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வழியில் ஒரு ராத்திரி சேலத்தில் தங்கி, மறுநாள் காலை மேட்டுப்பாளையம் வந்தோம். இட்லி சாப்பிடுவதற்காக ஓட்டல் முன்னால் நிறுத்தினோம். கை கழுவிவிட்டு வந்த டிரைவர் எதிரே தெரிந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாலையில் இறங்கி வந்த பஸ்களைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து சாவியை நீட்டினார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. மலைல எனக்குப் பழக்கம் இல்ல. இவ்ளோ அகலமான வண்டிய வச்சுக்கிட்டு நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். பேசின பணத்துல குறைச்சுக்கிட்டுக் குடுங்க, நான் பஸ் ஏறிக்கிறேன்."

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. இந்தக் கார் விவகாரத்தில் தன்னால் முடியாது என்று ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவர்தான். முழுப் பணத்தையும் கொடுத்து அனுப்பினேன். பிறகு சாவியை மச்சானிடம் நீட்டினேன்.

"மூணு மணி நேரம்தானுங்க மச்சான். மெதுவா ஏத்திப்போடலாம். நீங்களே ஓட்டுங்க."

அவர் சாவியை வாங்கவில்லை. "கால் வலிக்குது புள்ள" என்றார்.

"இது கியரில்லாத வண்டிதானுங்களே. வலது கால் ஒண்ணு போதும். உங்களுக்கு வலிக்கறது இடது காலுன்னு நேத்துச் சொன்னீங்க."

"இந்த ரோடு எனக்குப் பழக்கமில்ல."

"அப்ப நான் ஓட்டட்டுமுங்களா?"

"உனக்கு எப்பிடி புள்ள முடியும்? தகர டப்பா ஓட்டற கையி."

அப்போது அக்கா ஓட்டலிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என் கையிலிருந்து சாவியை எடுத்தாள். டிரைவர் சீட்டில் ஏறி, சீட்டை முன்னால் நகர்த்தி, பக்கக் கண்ணாடிகளைச் சரிசெய்தாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில், யோசிக்காமல் செய்தாள். பல ஆயிரம் தடவை செய்த கைக்குத்தான் அது வரும்.

"பின்னால ஏறிக்குங்க" என்றாள் கணவரிடம். அவர் ஏறிக்கொண்டார்.

நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். "உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. அதற்குள் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்டர்நேஷனல் லைசென்ஸ் பையில இருக்குது" என்றாள்.

கல்லார் செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இப்போது இ-பாஸ் வேண்டும். எங்கள் மாவட்டப் பதிவு உள்ள வண்டிகளுக்குத் தேவையில்லை. எங்கள் காரில் ஒட்டியிருந்ததோ சென்னையில் கொடுத்த தற்காலிக எண். பையில் சானிடைசரும் கையில் டேப்லெட்டும் வைத்திருந்த ஒரு பெண் ஜன்னலருகே வந்து பணிவாகவே கேட்டாள்.

"டூருங்களா? இ-பாஸ் எடுத்துட்டீங்களா சார்?"

பின் சீட்டில் மச்சான் நிமிர்ந்து, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார். "ஏனுங்க, நான் இந்த ஊருங்க! அருவங்காட்டுல பொறந்தவன். எங்க ஊட்டுக்குப் போறதுக்கு எனக்கெதுக்குங்க பாஸு?"

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து எங்கள் ஊர்ப் பேச்சின் அந்த 'ங்க' வந்து நான் கேட்டதே இல்லை. அந்தப் பெண்ணுக்கு அதைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை. "நம்பர் லோக்கல் இல்லீங்களே சார். ஓரமா நிறுத்திட்டுப் போன்லயே எடுத்துக்கலாமுங்க" என்றாள். ஓரமாக நிறுத்தினோம். வருகையின் காரணம் என்ற இடத்தில் சுற்றுலா என்று நான்தான் அழுத்தினேன். வேறு காரணங்களும் அங்கே இருந்தன. வேண்டுமென்றேதான் அழுத்தினேன்.

அதன் பிறகு மலை. அக்கா ஓட்டியதை நான் எப்படிச் சொல்வது? இந்த வளைவுகளில் பதினெட்டு வருஷம் போய்வந்தவள் நான். ஒரு மோசமான டிரைவரை இரண்டாவது வளைவிலேயே அடையாளம் சொல்லிவிடுவேன். அவளிடம் எனக்கு ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. ஆறாவது வளைவில் மேலிருந்து ஒரு அரசு பஸ் முழு வளைவையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். ஆனாலும் பஸ்காரர் விளக்கைப் போட்டு அணைத்தார். எங்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி இரண்டு கார்கள், இடது பக்கம் பள்ளம்.

"இறங்கிப் பாத்துச் சொல்லட்டா?" என்றேன்.

"வேண்டாம்."

ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி, தலையைத் திருப்பாமல் கண்ணாடியை மட்டும் பார்த்து, அந்த அகலமான வண்டியைப் பள்ளத்தோரத் தடுப்புச் சுவரோடு ஒட்டிப் பின்னால் எடுத்தாள். இரண்டே அசைவு. பஸ் எங்களை உரசாமல் ஒரு கை இடைவெளியில் இறங்கிப் போனது. பஸ் டிரைவர் கையை உயர்த்தினார். பின் சீட்டில் மச்சான் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று மூச்சு வாங்கினார். இடது பக்கம் பள்ளம் இருந்தது.

பர்லியாரில் அவர் இறங்கி வாந்தி எடுக்கப் போன நேரத்தில் நான் அக்காவிடம் கேட்டேன்.

"அவர் அங்க ஓட்டுவாருன்னு நெனச்சேன்."

"நாலு தடவை லைசென்ஸ் டெஸ்டு எழுதினாரு. பாஸாகல. அப்புறம் எழுதறத உட்டுட்டாரு. ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிட்டுப் போவேன். பனி பெய்யறப்பவும் போவேன். அவர் வேலைக்குப் போற நாள்ல அவரையும் நான்தான் கொண்டுபோய் உடுவேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்படவில்லை. அவளுக்கு எப்போதாவது கோபம் வந்திருந்தால் நான் நன்றாகச் சமாளித்திருப்பேன்.

"நீ எப்பக் கண்ணு கேட்ட? வர்றப்பெல்லாம் அவரைப் பாத்து மூஞ்சியச் சுளிக்கறதுக்கே உனக்கு நேரம் சரியாப் போச்சு. நான் அங்க என்ன பண்றேன்னு ஒரு நாள் கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் கேட்டதில்லை. அவர் அவளை ஒரு பையைப் போலக் கூட்டிக்கொண்டு திரிவதாக நினைத்து நான் எரிச்சல்பட்டேன். ஏர்போர்ட்டில் நானும் அவளைப் பைகளோடுதான் பின் சீட்டில் ஏற்றினேன். முன்னால் உட்காரச் சொல்லி ஒரு தடவைகூட நான் கூப்பிட்டதில்லை. என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்த சில நாட்களில் அது ஒன்று. குரங்கு ஒன்று வண்டியின் மேல் ஏறியதை விரட்டுவதற்காக இறங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் மச்சான் ஒரு கூட்டத்துக்கு நடுவே நின்றார். கையால் வளைவுகளைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "ஆறாவது பெண்டுல பஸ்ஸுங்க. ஒரு இஞ்ச் இடமில்ல. அப்பிடியே ரிவர்ஸ் எடுத்தோம் பாருங்க." எடுத்தோம் என்றார், எடுத்தேன் என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவரிடம் ஒரு நேர்மை இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். நான் அவர்களைக் கடந்து உள்ளே போனேன். அவர் முகத்தில் ஒரு பயம் ஓடியது. நான் எதையும் போட்டு உடைக்கவில்லை. பரிதாபப்பட்டதால் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு உண்மை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒன்றுதான். அவர்கள் காலி ஷெட்டையே பாராட்டியவர்கள்.

கார் அந்த ஷெட்டில் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே போகும். ஆனால் கதவைத் திறந்து ஆள் இறங்க இடமில்லை. ஷெட்டை அளந்தவர் மச்சான். கார் இப்போது வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு காட்டெருமை அதில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு போனதில் பின் விளக்கும் ஒரு பக்கக் கண்ணாடியும் போய்விட்டன. அவை இங்கே கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து சேர மூன்று மாதம் ஆனது. விற்றுவிடலாம் என்றால், இத்தனை வருஷத்துக்கு விற்கக் கூடாது என்று சுங்கத்தில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அந்தத் தாளையும் அவர் படிக்கவில்லை.

அக்கா சும்மா இருக்கவில்லை. நடுவட்டத்துக்கு அப்பால் எஸ்டேட் லைன் வீடுகளில் படுக்கையில் கிடக்கும் வயசாளிகளைப் பார்க்கப் போகும் ஒரு மருத்துவக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் அந்தக் காரை எடுத்துக்கொண்டு போகிறாள். புண் கட்டும் சாமான்கள், பெட்பேன், சமயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய ஆள் எல்லாம் ஜெர்மன்காரன் செய்த தோல் சீட்டில்தான். மச்சானும் கூடவே போகிறார். கிளம்புவதற்கு முன் சீட்டுகளின் மேல் பிளாஸ்டிக் விரிப்பது அவர் வேலை. அதை அவர் ஒழுங்காகச் செய்கிறார்.

போன மாதம் லீவு நாளில் நானும் அவர்களோடு போனேன். முன் சீட்டில் உட்கார்ந்தேன். வழியில் நானாகவே அக்காவிடம் கேட்டேன், பனியில் வண்டி சறுக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று. பிரேக்கில் கால் வைக்கக் கூடாது என்று ஆரம்பித்து, ஒரு ஜனவரி மாதம் ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டி சுழன்றதைச் சொன்னாள். அவள் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. பின்னாலிருந்து மச்சான் இரண்டு தடவை குறுக்கிட்டார். இரண்டு தடவையும் நான் அவரைப் பேசாமல் வரச் சொன்னேன். அவரைப் பற்றிய என் அபிப்பிராயத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

நடுவட்டத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். சாரல் அடித்தது. நாங்கள் இருவரும் காருக்குள்ளேயே குடித்தோம். மச்சான் கடையில் நின்றபடி, டீ ஆற்றுகிறவருக்கு அந்தக் கார் எந்த ஊரிலிருந்து, எத்தனை கடல் தாண்டி வந்தது என்று விளக்க ஆரம்பித்தார். டீக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே தலையாட்டினார். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். யாரோ ஒரு பெரியவருக்குப் புண் கட்டுப் பிரிக்கும் நேரம். ஹார்னை நீளமாக ஒருமுறை அடித்தாள். மச்சான் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, மழையில் ஓடி வந்து பின் கதவைத் திறந்தார்.